மூக்கை நுழைக்கும் உத்தியோகம்

என் அக்கா தனலட்சுமிக்கு ஒரு வியாதி உண்டு. மூடியிருக்கும் எதைக் கண்டாலும் அவளால் சும்மா இருக்க முடியாது. கதவு, ஜன்னல், திரைச்சீலை, அடுத்த வீட்டு அடுப்பில் கொதிக்கும் சட்டியின் மூடி, எதுவானாலும் திறந்து பார்த்தாக வேண்டும். தட்டிவிட்டுத் திற என்று ஒருமுறை சொன்னேன். "தட்டினா உள்ளே இருக்கிறவன் உஷாராயிட மாட்டானா?" என்று என்னையே முட்டாளாக்கிவிட்டாள்.

அவளுடைய சிநேகிதி மரி-ஆஞ், தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோவிலுக்குப் போனாள். துணைக்கு அக்காவும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மரி-ஆஞ் வெளியே வர நேரமாயிற்று. அக்கா எழுந்து போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரையை விலக்கி, "இன்னும் எவ்வளவு பாவம்டி பாக்கி?" என்று கேட்டாள். பாதிரியார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சொன்ன பாவத்தில் பாதி அக்காவைப் பற்றிப் புறம் பேசியதுதான் என்று மரி-ஆஞ் பின்னால் என்னிடம் சொன்னாள்.

அத்தான் திருவேங்கடத்துக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. ஆலைச் சத்தத்தில் காது போய்விட்டது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். வெளியே மீன்காரன் மணி அடித்தால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அவர்களுடைய மகன் கல்யாணம் ஆன கையோடு மொரீஷியஸ் தீவின் தெற்கிலிருந்து வடக்கே குட்லண்ட்ஸ் வரை ஓடிப்போய்க் குடியேறினான். அதற்கு மேல் ஓட முடியாது, கடல் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செமின் கிரனியேயில் நாங்கள் வீட்டில் பேசுவது கிரியோல். கோவில் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக் கற்ற தமிழ் வீணாகக்கூடாது என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். அக்கா பேசியதையும் நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். அவள் சொன்ன ஐயோ மட்டும் அசல், அது இரண்டு பாஷைக்கும் பொது.

அறுபதாம் வருஷம் கரோல் புயல் வந்து எங்கள் கூரைத் தகரங்களையெல்லாம் கரும்புத் தோட்டத்தில் விதைத்துவிட்டுப் போனது. புயலுக்குப் பின்னால் ஐரோப்பாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்தது. எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை, எழுதினால் அந்த நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆலைக்குப் பக்கத்து மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும்தான் வைத்தியம். டாக்டர் கேத்தான் என்று ஒரு இளைஞர், மீசை அப்போதுதான் முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவருக்கு மேலே எல்லாவற்றையும் நடத்தியது ஜிசேல் என்ற நர்ஸ். நெட்டையான அம்மாள், சிரிப்பு வருஷத்துக்கு ஒன்று. அவர்களுடைய வேனை ஓட்டும் வேலை எனக்குக் கிடைத்தது.

முதல் நாளே அக்கா வந்துவிட்டாள். பிள்ளையும் இல்லை, நோயும் இல்லை, கூடாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. அக்கா வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் திரையைச் சரக்கென்று இழுத்தாள். டாக்டர் கேத்தான் கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டார். பிள்ளை அழுகையை நிறுத்தி அக்காவைப் பார்த்தது. எனக்கு வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் வேன் ஓட்டுகிறவன் தன் தம்பி என்று அவள் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

ஜிசேல் வந்தார். "யார் கூப்பிட்டு நீ திரையைத் திறந்தாய்?" என்று கேட்டார்.

"பிள்ளை அழுதுச்சு நர்ஸம்மா. பார்க்க வேண்டாமா?"

"ஊசி போட்டால் அழத்தானே செய்யும்?"

"ஊசிக்கு அழுவுதா, வேற எதுக்காச்சும் அழுவுதான்னு திறந்து பார்த்தாத்தானே தெரியும்?"

ஜிசேல் கீழே கிடந்த ஊசியை எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு, "நாளைக் காலையில் வேலைக்கு வா" என்றார். ஊரே இருபது வருஷமாக எதற்காக அவளைத் திட்டியதோ அதற்கே சம்பளம் கொடுக்க ஒருவர் வந்துவிட்டார். அத்தானுக்குக் காது அப்போது உடனே கேட்டது.

வேலை இதுதான். திரைக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் ஒரு பெரிய ஆளோடு தனியாக இருக்கக் கூடாது. தாய் வந்தால் தாய் இருக்கட்டும். தாய்மார் பலர் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள், பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கூட்டிவரும். அப்போது அக்கா உள்ளே உட்கார வேண்டும். கூட்டி வந்தவரோடுதான் பிள்ளை திரும்பிப் போக வேண்டும். தாயைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது, சட்டை இல்லாமல் எடுக்கவே கூடாது. அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் யாரும் யோசித்து நான் கேள்விப்பட்டதில்லை. வேனில் போகும்போது ஜிசேலிடம் காரணம் கேட்டேன். "வேறொரு நாட்டில், இதே மாதிரி ஒரு கூடாரத்தில், எல்லோரும் நல்லவர் என்று சொன்ன ஒருவர்" என்று ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்தி, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார். 

அக்கா அந்த விதியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளை ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரோடு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் இவளைக் கண்டதும் ஆசீர்வாதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஜிசேலே ஒரு குழந்தையை எடை போடத் திரைக்குப் பின்னால் தூக்கிப் போனபோது இவளும் பின்னால் போனாள். "நான்தானே அந்த விதியைப் போட்டேன்?" என்றார் ஜிசேல். "உங்களுக்கு இல்லேன்னு சொல்லலியே" என்றாள் அக்கா. வருஷத்துக்கு ஒன்று என்ற அந்தச் சிரிப்பு அன்றைக்குச் செலவானது.

டாக்டர் கேத்தான் பாடுதான் பெரும்பாடு. கை சில்லென்று இருக்கிறது, தேய்த்துவிட்டுத் தொடு என்பாள். அவர் தேய்ப்பார். எல்லாவற்றையும் விட மோசமானது, அவருக்குப் பிள்ளைகளைப் பாராட்டும் கெட்ட பழக்கம் இருந்தது. "ஆஹா, என்ன அழகான குண்டுக் குழந்தை!" என்று முதல் வாரம் ஒரு குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அக்கா ஐயோ என்று கத்திக்கொண்டு எழுந்தாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? குழந்தையைக் காப்பாற்றத்தானே அவளுக்குச் சம்பளம்! டாக்டரை அப்படியே நிற்க வைத்து, அவருடைய மேசையில் இருந்த உப்பையே எடுத்து, குழந்தைக்கு மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டாள். அது உப்பில்லை, ஏதோ மருந்து. இனிமேல் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் 'விலேன்' என்று சொல்ல வேண்டும் என்று கட்டளையும் போட்டாள். கிரியோலில் விலேன் என்றால் அசிங்கம்.

நல்ல பிள்ளை அந்த டாக்டர். சொன்னதைச் செய்தார். காலையிலிருந்து மாலைவரை அசிங்கம், படு அசிங்கம், இதைவிட அசிங்கம் இல்லை என்று வாயாரச் சொல்லிக்கொண்டே ஊசி போட்டார். தாய்மார் மனம் குளிர்ந்து போனார்கள். கோழிமுட்டை, லிச்சிப்பழம் என்று கொண்டு வந்து குவித்தார்கள். தோட்டத்துத் துரையின் மனைவி ஒருநாள் தன் கைக்குழந்தையோடு கூடாரத்தைப் பார்வையிட வந்தாள். வெள்ளைவெளேர் என்று பட்டுத் தொப்பி போட்ட குழந்தை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, அவள் பெருமையாக நீட்டினாள். டாக்டர் கன்னத்தைக் கிள்ளி, முகமெல்லாம் மலர்ந்து, "விலேன்! ரொம்ப ரொம்ப விலேன்!" என்றார். அந்தத் துரைசானி மறுபடி அந்தப் பக்கம் வரவேயில்லை. அக்கா மட்டும் அந்தக் குழந்தை தப்பித்தது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

இப்படியே போயிருந்தால் இதை நான் எழுதவே வேண்டியதில்லை. மிஸியே மார்செல் வந்தார்.

மிஸியே என்றால் ஐயா. அவர் டாக்டர் கேத்தானுடைய நாட்டில் பெரிய பிஸ்கட் முதலாளி. அந்தக் குழுவுக்கு வேனும் கூடாரமும் அவர் கொடுத்ததுதான். தன் தருமம் எப்படி நடக்கிறது என்று பார்க்க விமானம் ஏறி வந்தார். உருண்டையான மனிதர், கண்ணில் எப்போதும் ஈரம். பிள்ளைகளைக் கண்டால் அழுவார், பிஸ்கட் கொடுப்பார், மறுபடி அழுவார். கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அவர் கண்ணில் பார்வதி பட்டாள். கரும்பு வெட்டும் விநாயகத்தின் மகள். இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போன பெண், ஆறு வயசு இருக்கும். நடக்க முடியாது, ஆனால் சிரித்தால் யாராலும் திரும்பிச் சிரிக்காமல் இருக்க முடியாது. மிஸியே மார்செல் உடனே முடிவு செய்துவிட்டார். பிள்ளையைத் தன் நாட்டுக்குக் கூட்டிப் போவார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடக்கும். அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போடுவார். நாடே பார்த்து உருகித் தருமம் கொடுக்கும். எட்டு மாதமோ ஒரு வருஷமோ தன் வீட்டிலேயே ராணி மாதிரி இருப்பாள். எல்லாம் தயார். கூட யார் வருவார்கள் என்று ஜிசேல் கேட்டார். "நான் இருக்கிறேனே!" என்றார் மிஸியே மார்செல்.

விநாயகம் தலையாட்டினார். வெள்ளைக்காரர் முன்னால் அவருடைய தலைக்குத் தெரிந்த ஒரே அசைவு அது. தாய் பொன்னம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். கால் சரியாகும் என்று ஒருவர் சொல்லும்போது எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? ஜிசேல் மட்டும் பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று சண்டை போட்டார். தங்கள் தலைமையிடத்துக்குப் போன் போட்டும் கத்தினார். முதலாளியைப் பகைக்காதே என்று பதில் வந்தது. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. அக்கா சாப்பிடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, கரோல் புயல் அடித்த அன்றுகூடச் சாப்பிட்டாள்.

கிளம்பும் நாள் நான்தான் வேனை ஓட்டினேன். அழுகை பிள்ளையின் மனசைக் கெடுக்கும், வீட்டிலேயே வழியனுப்பிவிடுங்கள் என்று தாய் தகப்பனிடம் மிஸியே மார்செல் சொல்லிவிட்டார். அதனால் அவர் முன்னால், பின்னால் ஜிசேல், அக்கா, அக்கா மடியில் பார்வதி. பிளேன் மாக்னியன் விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவே திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் மைதானத்தில் நின்றது. படிக்கட்டு வரை நடக்க வேண்டும். பார்வதியால் நடக்க முடியாது. மிஸியே மார்செலுக்குத் தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே பெரிய விஷயம். "நான் தூக்கிட்டுப் போய் உட்கார வெக்கிறேன்" என்றாள் அக்கா. விமானப் பணிப்பெண்ணும் சரி என்றாள். நான் பிஸ்கட் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஏறினேன்.

அக்கா பார்வதியை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தாள். வாரைக் கட்டினாள். பிறகு பக்கத்து இருக்கையில் தானும் உட்கார்ந்து தன் வயிற்றுக்கும் ஒரு வாரைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இது அந்தப் பெரியவருடைய இடம். இறங்குங்கள்" என்றாள் பணிப்பெண்.

"அவர் எங்க வேணும்னாலும் உட்காரட்டும். பெரிய ஆளோட பிள்ளையைத் தனியா விடக்கூடாது. விதி இருக்கு."

மிஸியே மார்செல் மூச்சு வாங்க வந்து நின்று, முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு கைக்குட்டையை எடுத்தார். பணிப்பெண் வாரை அவிழ்க்கப் பார்த்தாள். அக்கா அதை எப்படி மாட்டியிருந்தாளோ, அது அவிழவில்லை. விமானி தொப்பியோடு வந்தார். யாருடைய விதி என்று கேட்டார். அக்கா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். அவர் படிக்கட்டுக்குப் போய்க் கீழே நின்ற ஜிசேலிடம் கத்திக் கேட்டார்.

"என்னுடைய விதிதான்!" என்று ஜிசேல் திருப்பிக் கத்தினார்.

"அவளை வேலையை விட்டு நீக்கு!" என்று மிஸியே மார்செலும் வாசலுக்குப் போய்க் கத்தினார்.

"வேலையில் என்ன தப்புச் செய்தாள்? சொல்லுங்கள், நீக்குகிறேன்!"

 மிஸியே மார்செல் திரும்பி வந்து அக்கா முன்னால் நின்றார்.  "நான் என்ன பிள்ளை பிடிக்கிறவனா? இத்தனை செய்தேனே, என்னையா சந்தேகப்படுகிறாய்?" என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

அக்கா அவரைப் பார்த்துப் பேசியபோது குரலில் கோபமே இல்லை. "உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை மிஸியே. நீங்க தங்கமானவர். ஆனா அங்க இந்தப் பிள்ளைக்கு வயித்த வலிச்சா, பயந்துக்கிட்டா, யாராச்சும் கிள்ளினா, அது யார்கிட்ட போய்ச் சொல்லும்? அது பேசறது புரியற ஒரே ஒரு ஆள் பேரைச் சொல்லுங்க. நான் இறங்கிடறேன்."

மிஸியே மார்செல் பணிப்பெண்ணைப் பார்த்தார், விமானியைப் பார்த்தார். 

அக்கா திரும்பிப் பார்வதியைப் பார்த்தாள். "பாப்பா, உனக்குப் போகணுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் கேட்கவில்லை, தகப்பன் கேட்கவில்லை, ஜிசேல்கூடச் சண்டை போட்டாரே தவிரக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பார்வதி ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தாள். "அம்மா வந்தா போறேன். இந்த ஜன்னல் எனக்குத்தானே?" என்றாள்.

மிஸியே மார்செல் தனியாகத்தான் போனார்.  அக்காவின் வாரை விமானி கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஊர் அவளைப் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. நடக்கப்போன பிள்ளையின் காலை முடக்கிவிட்டாள், கைக்கெட்டியதை வாய்க்கெட்டாமல் செய்துவிட்டாள் என்றார்கள். விநாயகம் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொன்னம்மா மட்டும் ஒருநாள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குப் பயம் இருந்தது. "ஒருவேளை நான் தப்புப் பண்ணிட்டேனாடா?" என்று என்னிடம் கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. இல்லை அக்கா என்று நான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் நிச்சயமில்லை.

கரும்பு வெட்டி முடியும் சமயத்தில் மிஸியே மார்செலிடமிருந்து பயணச் சீட்டுகள் வந்தன. இரண்டு. பார்வதிக்கு ஒன்று, பொன்னம்மாவுக்கு ஒன்று. கூடவே அந்த நாட்டுத் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு மொரீஷியஸ்காரரைத் தேடிப்பிடித்து, வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையோடு கிரியோலில் பேச ஏற்பாடு செய்திருப்பதாக ஜிசேலிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மனிதர் தங்கமானவர் என்று அக்கா சொன்னது சரிதான். பார்வதி அடுத்த வருஷம் காலில் இரும்புத் தாங்கி மாட்டிக்கொண்டு தானாகவே படி இறங்கி வந்தாள். பிஸ்கட் டப்பாவும் வந்தது. தாயைக் கேட்டுத்தான் படம் எடுத்தார்களாம். நானும் இருந்தால் சரி என்று பொன்னம்மா சொல்லியிருக்கிறாள். டப்பாவில் பார்வதி சிரிக்கிறாள், பக்கத்தில் பொன்னம்மா படம் எடுத்தவனை முறைக்கிறாள். அந்த டப்பா விற்றதா என்று தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது தாயும் மகளும் கிளம்பிய நாளைப் பற்றி. அன்றும் வேனை நான்தான் ஓட்டினேன். இந்தத் தடவை அக்காவைப் படிக்கட்டுப் பக்கமே விடவில்லை, அவள் முகம் அங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். சூட்கேஸையும் பிள்ளையையும் ஒரே கையில் பிடிக்க முயன்றுகொண்டு பொன்னம்மா படி ஏறினாள். பக்கத்துச் சூயாக் கடற்கரையைத் தாண்டி எங்கேயும் போகாதவள், ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியது. அக்கா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "இப்ப எதுக்கு அழறே? அம்மா கூடப் போகணும்னு விமானத்தையே நிறுத்தினே. அம்மா கூடத்தானே போறா?" என்றேன்.

அவள் என் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்தாள். "பிள்ளைக்கு அவ இருக்கா," என்றாள். "பொன்னம்மாவுக்கு அங்க யாருடா இருக்கா?"

வேன் வரைக்கும் அவள் அழுதுகொண்டேதான் வந்தாள். நானும்தான்.